எக்ஸ்ரே வேனுக்காக வாங்கிய மெமோ

ஊரே கேட்டாலும் 'நிதி இல்லை' என்று எழுதிவிட்டு, மேலே இருப்பவர் கேட்டால் மட்டும் எங்கிருந்து எடுக்கலாம் என்று தேடுவதுதான் பட்ஜெட் பிரிவின் வேலை. அந்தப் பிரிவில் நான் மூத்த அதிகாரியாக இருந்தேன். கோப்பில் உண்மையை எழுதிவிட்டு அவதிப்பட்டவர்கள் உங்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். வாருங்கள், சேர்ந்தே பல்லைக் கடிப்போம்.

சொந்த ஊர்ப் பாசம்

எனக்கு விருத்தாசலம். அங்கே பீங்கான் பட்டறைகளில் பொம்மையும் ஃபியூஸ் கட்டையும் செய்கிறார்கள். சூளைக்குப் போகும் முன் காய்ந்த சாமானின் பிசிறைத் தேய்த்து எடுப்பார்கள். அப்போது தூசி மாவாகப் பறக்கும். வருஷக்கணக்கில் அதைச் சுவாசித்தால் நெஞ்சு கெட்டுவிடும். அந்தத் தொழிலாளர்களைப் பரிசோதிக்க ஒரு எக்ஸ்ரே வேன் வேண்டுமென்று சுகாதாரத்துக்காரர்கள் மூன்று முறை கேட்டார்கள். மூன்று முறையும் எங்கள் பிரிவு திருப்பி அனுப்பியது. நான்காவது முறை கோப்பு என் மேசைக்கு வந்தது. வேனைப் பட்ஜெட்டில் சேர்த்தேன்.

மறுவாரமே, 'சொந்த ஊருக்கு அள்ளிக் கொடுத்த அதிகாரி' என்று ஒரு பத்திரிகையில் செய்தி. மற்ற ஊர்களுக்கு அதே பட்ஜெட்டில் போனதெல்லாம் யார் கண்ணிலும் படவில்லை. என் மேலதிகாரி பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு பெருமூச்சு விட்டார்.

"ஏம்மா, நீங்க வேற ஊர்ல பொறந்திருக்கக் கூடாதா?"

தேவைப்படாத நிதி

டெண்டர், மறு டெண்டர் என்று இழுத்ததில் மார்ச் மாதம் வரை வேன் வாங்கப்படவில்லை. அதற்குள் ஒரு அரசு விழா வந்தது. பந்தலுக்குப் பணம் போதவில்லை. வேனுக்கு வைத்ததை 'தேவைப்படாத நிதி' என்று காட்டி விழாவுக்கு மாற்றும்படி கோப்பு வந்தது. நான் மூன்று வரி எழுதினேன்: 'தேவை இருக்கிறது. வேன்தான் இல்லை. இம்மாற்றத்துக்கு ஒப்புதல் தர இயலாது.'

மேலதிகாரி கூப்பிட்டு, அந்தத் தாளை எடுத்துவிட்டு வேறு தாள் வைக்கச் சொன்னார். முடியாது என்றேன். அவர் என் குறிப்புக்குக் கீழேயே தன் கையெழுத்தைப் போட்டுப் பணத்தை மாற்றிவிட்டார்.

"வேன அடுத்த வருஷமும் வாங்கிக்கலாம். விழா அடுத்த வருஷம் வருமா?"

விசாரணை

அந்த மூன்று வரி எப்படியோ வெளியே போய்விட்டது. எதிர்க்கட்சியினர் அதைப் பிடித்துக்கொண்டு கேள்வி கேட்டார்கள். பணத்தை மாற்றியவருக்கு ஒன்றும் இல்லை. கோப்பைக் கசியவிட்டதாகவும், குறிப்பில் கிண்டல் தொனி இருப்பதாகவும் எனக்குத்தான் மெமோ வந்தது.

விசாரணை அதிகாரி சாதுவான மனிதர். பந்தலைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. 'வேன்தான் இல்லை' என்பதில் வரும் 'தான்' எதற்கு என்று முக்கால் மணி நேரம் கேட்டார். கசியவிட்டது நிரூபணமாகவில்லை, அந்தத் 'தான்' மட்டும் நிரூபணமாகி, ஒரு இன்கிரிமென்ட் போயிற்று. வாசல் வரை வந்து மெதுவாகச் சொன்னார்.

"எழுதினதுல ஒரு தப்பும் இல்லைம்மா. எழுதினீங்க பாருங்க, அதுதான் தப்பு."

ஒத்துக்காது

லீவு போட்டு ஊருக்கு வந்தேன். பட்டறை வைத்திருக்கும் தூரத்து உறவினர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். எனக்கு மாமா முறை. ஆறுதல் சொல்ல வந்திருக்கிறார் என்று நினைத்து டீ போட்டேன். அவரோ சண்டை போட வந்திருந்தார்.

"வேனு வந்து நாலு பேருக்கு நெஞ்சு செரியில்லன்னு எழுதிட்டா, பொறவு பட்டறைக்கு எவன் வருவான்? பொறந்த ஊருக்குச் செய்யிற வேலையா இது?" என்றார். எனக்குப் பொறுக்கவில்லை. "அந்தத் தேய்ப்பு மேசையில நீங்க ஒரே ஒரு வாரம் உக்காந்து பாருங்க மாமா" என்றேன். டீயைக் கீழே வைத்துவிட்டு, ரொம்ப நேர்மையாகவே பதில் சொன்னார்.

"நமக்குத் தூசி ஒத்துக்காதும்மா."

பாக்கியத்தின் சீட்டு

கேள்வி எழுந்ததால் அடுத்த வருஷம் வேன் வந்துவிட்டது. ரிப்பன் வெட்டும்போது மேடையில் இருந்தவர் என் மேலதிகாரி. நான் வெயிலில் வரிசையோரம் நின்றேன். அந்த வரிசையில் பாக்கியமும் இருந்தாள். என்னோடு பத்தாவது வரை படித்தவள், அதன்பின் தேய்ப்பு வேலைக்குப் போனவள். நாலு வார்த்தைக்கு ஒரு இருமல்.

படத்தில் இரண்டு நுரையீரலிலும் தூசி படிந்திருந்தது. முன்னாடியே கண்டிருந்தால் இவ்வளவு முற்றவிடாமல் நிறுத்தியிருக்கலாம் என்றார் டாக்டர். பாக்கியம் அழவில்லை. டாக்டர் கொடுத்த சீட்டை என் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"தூசிப் பக்கமே போவாதன்னு எழுதிக் குடுத்துட்டாரு. இத வச்சிக்கிட்டு நாளைக்கு நான் எங்கடி வேலைக்குப் போவேன்?"

அவளுக்கு உதவித்தொகை கேட்டு நானே மனு எழுதிக் கொடுத்தேன். அது என் பழைய பிரிவுக்குப் போயிருக்கிறது, நான் வேறு பிரிவுக்கு மாற்றப்பட்டிருக்கிறேன்.

இத்தனை வருஷ வேலையில் எதெதற்கோ நிதி கேட்டு வந்த கோப்புகளைப் பார்த்துவிட்டேன், கொஞ்சம் வெட்கத்துக்கு ஒதுக்கீடு கேட்டு மட்டும் எந்தத் துறையும் இதுவரை எழுதியதில்லை.