பாத்திப் பக்கம் அடிக்காத ஜெயசீலன்

ஜெயசீலன் மெதுவாக ஆடுவதால்தான் மரக்காணம் அணி தோற்கிறதா என்று கேட்டால், உள்ளூரில் இல்லை, வெளியூரில் ஆமாம் என்பேன். இந்த அணி தொடங்கிய நாள் முதல் ஸ்கோர் எழுதுகிறவன் நான்.

எங்கள் மைதானம் உப்பளத்தை ஒட்டியது. ஒரே முனையிலிருந்துதான் பந்து வீசுவோம். அதனால் மட்டை பிடிப்பவருக்கு இடப்பக்கம் எப்போதும் உப்புப் பாத்திகள். பந்தை எடுக்க ஒருவன் இறங்கினால் சேறு கலங்கி, விளைந்த உப்பு கறுத்துவிடும். ஆகவே பந்து பாத்தியில் விழுந்தால் அவுட். உப்பள முதலாளி இந்த விதியைப் போட்டுத்தான் இடம் கொடுத்தார்.

ஜெயசீலனும் அவன் மனைவி சகாயமேரியும் அதே பாத்தியில் உப்பு வாருகிறவர்கள். மற்றவர்கள் ஆசைப்பட்டு இடப்பக்கம் தூக்கி அடித்து வெளியேறுவார்கள். இவன் முதலில் இறங்கி, பந்தை அடிக்காமல் தடுத்துக் கட்டை போட்டபடி கடைசி வரை நிற்பான். உள்ளூரில் அவன் நின்ற ஆட்டம் எதையும் நாங்கள் தோற்றதில்லை.

கோப்பைப் போட்டியின் லீக் ஆட்டத்துக்குக் கிளியனூர் போனபோது கதை வேறு. அங்கே சுற்றிலும் வெறும் தரிசு. இவன் முப்பத்தொரு பந்தில் பதினான்கு ஓட்டம் எடுத்தான். ஆறு ஓட்டத்தில் தோற்றோம். அந்தத் தோல்வி அவனுடையதுதான், சந்தேகமே இல்லை.

திரும்பி வரும் வேனில் கேப்டன் சித்தார்த்தன் விடவில்லை.

"ஏம்பா, லெஃப்ட்ல ஒரு ஆள்கூட நிக்கல. ஏன் அந்தப் பக்கம் அடிக்கல?"

"கை போவலடா."

"கை போவலன்னா கப்பும் போயிடும். ஏதோ பாயின்ட்ல தப்பிச்சு ஃபைனலுக்கு வந்துட்டோம். பொம்மையார்பாளையத்துல நடக்குற அந்த ஃபைனல்தான் உனக்குக் கடைசி சான்ஸ். அங்கயும் கட்டை போட்டீன்னா டீம்ல நீ இல்ல."

ஜெயசீலன் வேனிலிருந்து இறங்கும்போது மட்டையை மறந்துவிட்டுப் போனான். நான்தான் எடுத்துக் கொடுத்தேன்.

ஃபைனலில் நாங்கள் இரண்டாவதாக ஆடினோம். முதல் ஓவரில் காலுக்கு நேராக மூன்று பந்துகள் வந்தன. மூன்றையும் கட்டை போட்டான். சித்தார்த்தன் தலையில் கை வைத்துக்கொண்டான். அப்போது கோட்டுக்கு வெளியே நின்ற சகாயமேரி கத்தினாள்.

"ஏங்க, அந்தப் பக்கம் அடிங்க! அங்க நம்ம உப்பு இல்லங்க! வெறும் மண்ணு!"

எதிரணிக்காரர்கள்கூடச் சிரித்துவிட்டார்கள். ஜெயசீலன் இடப்பக்கம் திரும்பி, அந்த மண்ணைக் கொஞ்ச நேரம் பார்த்தான். அடுத்த பந்து அங்கேதான் போனது, நான்கு ஓட்டம். அதன் பிறகு அவன் கை அந்தப் பக்கத்தை விடவே இல்லை. இருபத்தாறு பந்தில் நாற்பத்தொன்று. ஒரு ஓவர் மீதமிருக்க வென்றோம்.

"டேய், இத்தன நாளா இத எங்கடா வச்சிருந்த?" என்று சித்தார்த்தன் அவனைத் தூக்கிக்கொண்டு சுற்றினான். டீமில் இடம் உறுதியாகிவிட்டது.

அடுத்த ஞாயிறு உள்ளூர் ஆட்டம். முதல் பந்தையே இடப்பக்கம் தூக்கினான். பந்து பாத்தி நடுவில் விழுந்தது.

"ஐயையோ, நாளைக்கு வார்ற பாத்திங்க அது!" என்று வரப்பில் நின்ற சகாயமேரி அலறினாள்.

தலை குனிந்து வந்தவனின் தோளில் சித்தார்த்தன் கை போட்டான்.

"ஏம்பா, இங்க மட்டும் கட்டையே போடுப்பா."

'பாத்தியில் விழுந்து அவுட்' என்று ஜெயசீலன் பெயருக்கு நேராக நான் எழுதியது அன்றுதான் முதல் முறை.