கொப்பியால் வாயை மறைத்த டீச்சர்

என் கையெழுத்துக்கும் பிழைகளுக்கும் மன்னிக்கவும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான்.

தேயிலைத் தோட்டப் பள்ளியில் மந்தம் என்று ஒதுக்கிய என் மகளை, பதுளையில் ஒரு விசேட கல்வி டீச்சரிடம் கூட்டிப்போனேன். ஒல்லியான உருவம், பெரிய கண்ணாடி. கேள்வி கேட்கும்போது இடையிடையே குறிப்பெழுதும் கொப்பியால் வாயை மறைத்துக்கொள்வார். மறைத்தால் மகள் திருதிருவென்று விழித்தாள். கொப்பியை இறக்கியதும் பட்டென்று பதில் சொன்னாள்.

டீச்சர் துள்ளி எழுந்தார். "அண்ணே, இவ மந்தமில்ல! காதுதான் சரியா கேக்கல. உதட்டப் பாத்தே இவ்வளவும் படிச்சிருக்கா, கெட்டிக்காரி!"

"வீட்டுல நான் சொன்னா மட்டும் ஒன்னும் வெளங்காதுங்களே?"

"எப்படி வெளங்கும்? உங்க மீசை வாயையே மூடுதே!"

நேரே சலூனுக்கு ஓடினேன். எங்கள் ஊர் கொஸ்லந்தைக்குத் திரும்பும் பஸ்ஸில், மீசை போன கூச்சத்தை மறந்து, மகளின் முகம் பார்த்துப் பேசிக்கொண்டே வந்தேன். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள்! டீச்சரின் பெயரைக் கேட்கத்தான் மறந்துவிட்டேன்.

எழுதியது: தைப்பொங்கலுக்கு மறுநாள்.