பற்றவைக்காத அடுப்பில் மூன்று விசில்

எங்கள் தெருவில் குக்கர் ரிப்பேர் செய்கிறவருக்கு ஒரு பெயர் இருக்கத்தான் வேண்டும். ஆனால் எல்லாருக்கும் அவர் குக்கர் மாமாதான். வீட்டின் முன்னறையே கடை. கேஸ்கட் மாற்றுவார், ஊசி விட்டு அடைப்பு எடுப்பார், அப்புறம் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிக் கடை அடுப்பில் வைத்து, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் காதைச் சாய்த்துக்கொண்டு உட்காருவார். முதலில் முணுமுணுப்பு, பிறகு ஒரு அமைதி, பிறகு ஆவி வெயிட்டைத் தூக்கிக்கொண்டு உஸ்ஸென்று கிளம்பும். அதைக் கேட்டால்தான் அவர் முகத்தில் ஈயாடும்.

என் ஒரே திறமையும் அந்த விசில்தான். நாக்கை மடித்துப் பல்லிடுக்கில் காற்றை விட்டால் அசல் குக்கர். ஜன்னல் ஜன்னலாகப் போய் அடித்துவிட்டு ஓடுவேன். உள்ளே அடுப்பை அணைக்கப் பறக்கிற காலடிச் சத்தம் கேட்கும். படிப்பு ஏறாத மண்டைக்குக் கிடைத்த ஆறுதல் பரிசு.

மாமா ஒருநாள் கையும் களவுமாகப் பிடித்தார். திட்டவில்லை.

"கடைசில இழுக்கறே பாரு, அதான் தப்பு. வெயிட் உக்காரும்போது டக்குனு நிக்கணும்டி வாலு."

அவர் மனைவியை நான் அத்தை என்பேன். அத்தைக்குச் சமையல்கட்டுதான் ராஜ்ஜியம். தினமும் உருளைக்கிழங்கு, மூன்று விசில். "ரெண்டுல இறக்கினா கல்லு, நாலு விட்டா கூழு" என்பாள். கொஞ்ச காலமாக அவளுக்கு மறதி. முதலில் சாவி மறந்தது, அப்புறம் கிழமை, அப்புறம் மகளின் பெயர்.

ஒருநாள் கிழங்கும் போடாமல் தண்ணீரும் ஊற்றாமல் வெறும் குக்கரை ஏற்றிவிட்டு விசிலுக்காகக் காத்திருந்தாள். தண்ணீர் இல்லாமல் ஆவி ஏது? ஆவி இல்லாமல் வெயிட்டை யார் தூக்குவது? குக்கர் வாயே திறக்காமல் உள்ளுக்குள் வெந்தது. சேஃப்டி வால்வ் உருகி, கேஸ்கட் கருகி, வீடே நாறியபோது மாமா ஓடிவந்தார்.

"இன்னும் விசில் வரலைங்க" என்றாள் அத்தை.

விஷயம் கேட்டு மகள் வந்துவிட்டாள்.

"அம்மாவ ஒரு ஹோம்ல சேத்துடலாம்ப்பா. ஒருநாள் வீட்டோட கொளுத்திக்குவாங்க."

"அடுப்படிய விட்டா அவளுக்கு வேற எதுவும் ஞாபகமில்லம்மா. அதையும் பிடுங்கணுமா?"

"அப்ப அந்த அடுப்பு எரியக்கூடாது. எரிஞ்சுதுன்னு கேள்விப்பட்டேன், அன்னைக்கே கூட்டிட்டுப் போயிடுவேன்."

மாமா சமையல்கட்டுக்குப் போகும் கேஸ் குழாயைக் கழற்றினார். அப்புறம் என்னைத் தேடி வந்தார். என் வாலுத்தனத்துக்கு வேலை போட்டுக் கொடுத்த ஒரே பெரிய மனிதர் அவர்தான்.

அத்தை குக்கரை ஏற்றி, குமிழைத் திருப்பிவிட்டு, ஸ்டூலில் உட்காருவாள். நான் பின் ஜன்னலுக்கு வெளியே நின்று இடைவெளி விட்டு மூன்று அடிப்பேன். அவள் எழுந்து அணைப்பாள். "நான் இறக்குறேன்" என்று மாமா குறுக்கே புகுந்து, கடை அடுப்பில் கிழங்கு வேகவைத்த, அச்சாக அதே மாதிரி இன்னொரு குக்கரை மாற்றி வைப்பார். மூடியைத் திறந்ததும் ஆவி முகத்தில் அடித்து அத்தையின் கண்ணாடி வெள்ளையாகிவிடும். "ஐயோ, கண்ணே தெரியலைங்க!" என்று சின்னப் பெண் மாதிரி சிரிப்பாள். மாமா அவள் கண்ணாடியைக் கழற்றித் தன் சட்டை நுனியில் துடைத்து மாட்டிவிடுவார். வெளியே நான் கண்ணைக் கசக்கிக்கொள்வேன். தூசி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒருநாள் வாய் சும்மா இருக்காமல் நாலாவதும் அடித்தேன். "அய்யய்யோ, கூழாயிருக்கும்!" என்று அத்தை பதறினாள். ஜன்னல் வழியாக ஒரு கிழங்கு பறந்து வந்து என் மண்டையில் விழுந்தது. நன்றாகத்தான் வெந்திருந்தது.

மழை ஓய்ந்திருந்த ஒரு மதியம். வழக்கம்போல் அடித்தேன். அத்தை அசையவில்லை. இரண்டாவது. மூன்றாவது. எழவில்லை. நான்தான் சொதப்பிவிட்டேனோ என்று, மாமா சொன்ன மாதிரி டக்கென்று நிறுத்தி இன்னொன்று அடித்தேன்.

அத்தை மாமாவை நிமிர்ந்து பார்த்தாள்.

"யாரோ வீட்டுல விசில் வந்துக்கிட்டே இருக்குங்க. பாவம், அந்தம்மா எங்க போனாங்களோ. கூழாயிடும்."

மாமா போய், எரியாத அடுப்பின் குமிழை மெதுவாக மூடினார்.

"ம்... அணைச்சிட்டாங்க" என்று அத்தை நிம்மதியாகச் சுவரில் சாய்ந்துகொண்டாள்.

மாமா, தான் கொண்டுவந்த குக்கரைத் திறந்தார். ஆவி எழுந்து அவர் கண்ணாடியில் வெள்ளையாகப் படிந்தது. மூடியைக் கையில் பிடித்தபடியே நின்றார். கண்ணாடியைத் துடைக்கவில்லை.