வாசித்துக் காட்டாத செய்தி

எனக்கு எழுபத்தொரு வயது. பெற்றது நாலு, வளர்த்தது ஐந்து. ஐந்தாவது, பிரசவத்தில் போய்விட்ட என் தங்கச்சியின் மகன். ஐந்து பேரையும் யார் வாசலிலும் போய் நிற்காமல் ஆளாக்கினேன். படிப்பு எனக்கு மூன்றாம் வகுப்போடு சரி. எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். எழுதுவது அதைவிட மெதுவாகத்தான். பேத்தியின் பழைய நோட்டில் இதை எழுத ஆரம்பித்துப் பத்து நாளாகிறது. ஆகட்டும், எனக்கென்ன அவசரம்.

நாகல் நகரில் ஒரு பூட்டுக் கடைக்கு மேல் மாடியில் செய்தி மையம் ஒன்று இருக்கிறது. விளம்பரம் வாங்க மாட்டார்கள். நல்ல மனசுக்காரர்கள் அனுப்பும் நன்கொடையில் நடக்கிறது. அவர்கள் எழுதுவது காகிதத்தில் வராது, செல்போனில்தான் வரும். ஆசிரியர் ஒருவர், எழுதுகிற பிள்ளைகள் நாலு பேர். அவர்களுக்கு மத்தியானச் சோறும் இரண்டு வேளை டீயும் என் கையால்தான். எங்கள் ஊர் அகரத்திலிருந்து பஸ் ஏறி, இறங்கி, ஷேர் ஆட்டோ பிடித்து ஐந்து வருஷம் போய் வந்தேன். “சமையல்காரம்மா” என்று யாராவது சொன்னால், “நானும் அந்த ஆபீஸ் ஸ்டாஃப்தான்” என்று திருத்திச் சொல்வேன்.

அந்த இடத்தில் எனக்குப் பிடித்த வழக்கம் ஒன்று உண்டு. செய்தி வெளியே போவதற்கு முன், அதில் பேசியிருக்கும் ஒவ்வொருவருக்கும் போன் போட்டு, அவர் சொன்னதாக எழுதியதை அப்படியே வாசித்துக் காட்ட வேண்டும். “நீங்க சொன்னது இதுதானா? எதையாச்சும் எடுக்கணுமா?” என்று கேட்ட பிறகுதான் போடுவார்கள். இந்த வேலையை அதிகம் செய்தது எல்லோரிலும் சின்னவளான ஒரு பெண். ஒருமுறை வெங்காயம் போட்டு நொந்துபோன விவசாயி ஒருவருக்கு வாசித்துக் காட்டினாள்.

“எல்லாம் நான் சொன்னதுதான் தாயி. ஆனா நான் வஞ்சது பாதியக் காணோமே? அதையும் சேத்துப் போடு” என்றார் அவர். ஆபீஸே சிரித்தது. டீ டம்ளரோடு நின்ற நானும் சிரித்தேன். பெரிய ஆபீசர் முதல் ஆடு மேய்க்கிறவர் வரை அங்கே எல்லோருக்கும் ஒரே மரியாதை. அதை எங்கள் தெருவில் பெருமையாகச் சொல்லித் திரிந்தேன்.

என் கடைசி மகள் பள்ளிக்கூடத்துப் பக்கம் தையல் கடை வைத்திருக்கிறாள். அவள் கணவன் திருப்பூருக்கு வேலைக்குப் போன இடத்தில் வேறு குடும்பம் வைத்துக்கொண்டான். மகள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்துவிட்டாள். ஊருக்கு அவள் சொன்னது, “துபாய்ல இருக்காரு”. என் பேத்திக்கும் அதையேதான் சொல்லி வளர்த்தாள்.

போன வருஷம் ஒருநாள் அந்த ஆபீஸ் சின்னவள் சமையல்கட்டில் என்னோடு உட்கார்ந்து பூண்டு உரித்தாள். புருஷன் விட்டுப்போன பெண்கள் ரேஷன் கார்டில் அவன் பெயரை எடுக்க முடியாமல் அலைவதைப் பற்றி எழுதுகிறாளாம். என் வாய் சும்மா இருக்கவில்லை. மகள் கதையைச் சொல்லிவிட்டேன்.

“அம்மா, இத எழுதட்டுமா?”

“எழுது தாயி. பேரு மட்டும் வேணாம். போடுறதுக்கு முன்னால எனக்கும் வாசிச்சுக் காட்டுவேல்ல?”

“ஒங்களுக்கு இல்லாததாம்மா?” என்றாள்.

செய்தி வந்தது. பெயர் இல்லைதான். ஆனால் அகரம் பக்கம் என்று இருந்தது. நாலு பெற்று ஐந்து வளர்த்த தாய் என்று இருந்தது. பள்ளிக்கூடத்துப் பக்கம் தையல் கடை வைத்திருக்கும் மகள் என்றும் இருந்தது. இதற்கு மேல் பெயர் எதற்கு?

எனக்கு எதுவும் தெரியாது. ஜாக்கெட் வாங்க வந்த ஒருத்திதான் கடையில், பேத்தி நிற்கும்போதே கேட்டிருக்கிறாள்: “ஏன்டி, துபாய்க்குப் போற பிளேனு திருப்பூர்லயே நின்னுருச்சாமே?”

சாயங்காலம் மகள் என் முன்னால் வந்து நின்றாள். “யாரக் கேட்டுச் சொன்ன?” அவ்வளவுதான். அன்றிலிருந்து அவள் என்னோடு நேராகப் பேசுவதில்லை. “ஒங்க அம்மாச்சிய சாப்பிடச் சொல்லு” என்று பிள்ளையிடம்தான் சொல்லுவாள்.

மறுநாள் போனேன். அடுப்புப் பற்ற வைக்கவில்லை. ஆசிரியர் மேசைக்கு எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

“அப்பு, எனக்கு ஏன் வாசிச்சுக் காட்டல?”

அவர் சின்னவளைப் பார்த்தார். “நாந்தாம்மா சொன்னேன். அம்மா நம்ம ஆளு, அவங்களுக்கு எதுக்கு வாசிச்சுக்கிட்டுன்னு” என்றார் அவர்.

“வெளியாளுக்கு உள்ள மரியாத நம்ம ஆளுக்குக் கெடையாதா? இப்ப வாசிக்கச் சொல்லுங்க.”

சின்னவள் வாசித்தாள். தையல் கடை வந்த இடத்தில் அவள் குரல் நின்றுவிட்டது. “இத எடுக்கச் சொல்லியிருப்பேன்ல தாயி?” என்றேன். அழுதாள். உடனே அந்த வரிகளை எடுத்தார்கள். ஊர் முழுக்க வாசித்து முடித்த பிறகு எடுத்து என்ன? ஆசிரியர் கையைப் பிசைந்துகொண்டு, “ஒங்க பக்கத்த நீங்க எழுதிக் குடுங்கம்மா. ஒரு எழுத்து மாத்தாமப் போடுறோம்” என்றார். சமையல்கட்டுச் சாவியை மேசையில் வைத்துவிட்டுப் படி இறங்கினேன். சின்னவள் போன் போடுகிறாள். நான் எடுப்பதில்லை.

அந்தச் செய்தியால் சிலருக்குக் கார்டு மாறியதாம். நல்லதுதான். என் மகள் கார்டு மாறவில்லை. போய்க் கேட்க அவளுக்கு மனசில்லை.

அவர்கள் செய்தது துரோகம்தான். நான் பொங்கிப் போட்ட சோற்றைத் தின்றுகொண்டே செய்தார்கள். ஆனால் பத்து நாளாக இதை எழுதும்போது ஒன்று இடிக்கிறது. அவர்கள் என்னைக் கேட்கவில்லை. நான் என் மகளைக் கேட்டேனா? என் மகள்தானே, கேட்பானேன் என்றுதானே நானும் இருந்தேன்?

இதை ஆசிரியரிடம் கொடுப்பதா வேண்டாமா என்று நான் முடிவு செய்யப்போவதில்லை. மகள் அடுத்த அறையில் வீட்டு மெஷினை மிதித்துக்கொண்டிருக்கிறாள். பேத்தியைக் கூப்பிட்டு நோட்டைக் கையில் கொடுத்து இப்படிச் சொல்லப்போகிறேன்:

“ஏத்தா, மொதல்ல இருந்து வாசி. ஒங்கம்மாவுக்குக் கேக்குற மாதிரி சத்தமா வாசி. அவ எங்க எடுக்கச் சொல்றாளோ, அங்க கோடு போடு. முழுசும் வேணாம்னா கிழிச்சிரு.”