அம்புக்குறிக்குப் போட்ட தையல்

ஒரு மழை நாளில் எங்கள் தெருக் கம்பத்தில் ஒரு சின்னப் பிள்ளை நோட்டுத்தாள் ஒட்டியிருந்தது. பூனையைக் காணோம், வெள்ளை, ஒரு காது மட்டும் கறுப்பு என்று எழுதிப் படமும் வரைந்திருந்தது. மழையில் மை வழிந்து பூனை முழுக்கக் கறுப்பாகிவிட்டது. மறுநாள் பார்த்தால் தெரு நெடுக அதே பூனை, அதே கோணல் எழுத்து, ஆனால் மூன்று மடங்கு பெரிசாக, நல்ல தாளில். யார் அடித்து ஒட்டியது என்று பிள்ளை வீட்டாருக்கே தெரியாது. விடியும் நேரத்தில் ஸ்டூல் மேல் நின்று ஒட்டிக்கொண்டிருந்தவரை நான் ஒருத்திதான் பார்த்தேன். "பார்த்ததா காட்டிக்காதம்மா" என்றார். இத்தனை வருஷம் காட்டிக்கொள்ளவில்லை. இப்போது எழுதிவிட்டேன், கோபித்துக்கொள்ள மாட்டார்.

பெற்றவர்கள் வைத்த பேர் என்னவோ, தெருவுக்கு அவர் ரிவர்ஸ் அண்ணன். அச்சகம் வைத்திருந்தார். எந்தப் போஸ்டர் அடித்தாலும் முதல் தாளை எதிர்ச் சுவரில் ஒட்டிவிட்டு, அதைப் பார்த்தபடியே பின்பக்கமாக நடப்பார். முப்பது அடிக்குள் எழுத்து மங்கினால் வார்த்தையை வெட்டுவார், மிச்சத்தைப் பெரிசாக்குவார். இப்படி நடந்து சைக்கிள், குப்பைத்தொட்டி, ஒருதரம் போலீஸ்காரர் வரைக்கும் முட்டியிருக்கிறார். தாள் வெட்டும் மெஷினில் நின்றபடியே அவர் சம்சாரம், எங்கள் அண்ணி, கத்துவார்: "முதுகுல ஒரு கண்ணாடியாவது மாட்டித் தொலைங்களேன்!"

நான் கிழிசல் தைப்பவள். கடை தெருவின் ஒரு கோடியில் சந்துக்குள், பச்சைக் கதவு. வாடகை வாங்கும் கட்டடக்காரர் ஒருநாள் வந்தார். "கடைன்னா வாசல்ல ஆள் நிக்கணும்மா. உன் வாசல்ல என் செருப்பு மட்டும்தான் கிடக்கு. மாசம் முடிஞ்ச மறுநாள் காலைல வருவேன். அப்பவும் இப்படியே இருந்தா ரூமை செல்போன்காரனுக்குக் குடுத்துடுவேன்" என்றார். அஞ்சாவதோடு நின்ற படிப்பு, எனக்கு ஊசியை விட்டால் வேறென்ன தெரியும்? கடவுளைக் கும்பிட்டுவிட்டு அச்சகத்துக்கு ஓடினேன்.

போஸ்டருக்கென்று ஒரு தாளின் இரண்டு பக்கமும் நிறைய எழுதிக்கொண்டு போயிருந்தேன். அண்ணன் படித்துவிட்டு, "இது போஸ்டரா, உன் ஜாதகமா?" என்றார். ஜிப்பு போனது, பட்டன் போனது, என் பேரும் போனது. மேலே 'கடவுள் துணை' என்பதில் பேனாவை வைத்தபோது கையைப் பிடித்துக்கொண்டேன்.

"அண்ணா, அது மட்டும் வேணாம்."

"கடவுள் படிக்காமலே வருவாரும்மா. மத்தவங்க படிச்சாத்தானே வருவாங்க?"

கையை விட்டேன். மனசுக்குள் சாமியிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். கடைசியில் மிஞ்சியது இவ்வளவுதான்: 'கிழிஞ்சிருச்சா?' அடியில் கொழுத்த அம்புக்குறி ஒன்று. அதற்கும் அடியில் 'பச்சைக் கதவு'. நாற்பது அடித்து, அட்டையில் ஒட்டி, தெருவின் இரண்டு பக்கக் கம்பங்களிலும் கட்டினோம்.

கட்டிய மறுநாள், மாசக் கடைசி நாள். மத்தியானம் வரை ஒரே ஒருத்தர் வந்தார், அவரும் விலாசம் கேட்டுவிட்டுப் போய்விட்டார். அழுகையை அடக்கிக்கொண்டு அச்சகத்தில் போய் உட்கார்ந்தேன். அப்போது வெள்ளைக் கோட்டோடு பல் டாக்டர் உள்ளே பாய்ந்தார். தோளில் நாலு பேண்ட்.

"போஸ்டர்ல பொடி எழுத்துல உங்க அச்சகம் பேர் இருக்கு! காலைலேர்ந்து பதினோரு பேர்! வாயைத் திறங்கன்னா பேண்ட்டை நீட்டறாங்க! ஒருத்தர் நாற்காலில சாஞ்சுகிட்டு, முழங்கால்கிட்ட சார்ங்கறார்!"

தெருவின் மறுகோடியில் அவருக்கும் பச்சைக் கதவு. எங்கள் அம்புகள் நாற்பதும் வலப்பக்கம் பார்த்தவை. ஒரு பக்கக் கம்பத்தில் வலப்பக்கம் என்றால் என் கடை, எதிர்ப்பக்கக் கம்பத்தில் வலப்பக்கம் என்றால் டாக்டர். ஜனங்கள் நடப்பதோ நிழல் விழும் எதிர்ப்பக்கம். அண்ணன் முப்பது வருஷமாக ஒரே சுவரை ஒரே பக்கத்திலிருந்து பார்த்தவர். இது அவருக்குத் தோன்றவே இல்லை.

திரும்ப அடிக்கலாமென்றால் அச்சு மெஷினில் வேறொருவர் வேலை ஏறியிருந்தது. நாளைச் சாயங்காலம்தான் இறங்கும். கட்டடக்காரர் காலையிலேயே வந்துவிடுவார். அண்ணன் தலையில் கைவைத்து, "தலைகீழா கட்டிடலாமா?" என்றார்.

"அப்ப ஜனங்களையும் தலைகீழா நடக்கச் சொல்லுங்க" என்றார் அண்ணி.

எனக்குச் சட்டென்று தோன்றியது. "அண்ணா, கிழிஞ்சா தைக்கறதுதானே என் தொழில்? அம்பை மட்டும் வெட்டித் திருப்பித் தைச்சிடறேன்."

அண்ணன் ஓடி ஓடி எதிர்ப்பக்கத்து இருபது அட்டையையும் அவிழ்த்து வந்தார். அண்ணி அம்பைச் சதுரமாக வெட்டித் திருப்பி வைக்க, நான் கோணி ஊசியில் சிவப்பு நூல் கோத்து நாலு பக்கமும் தைத்தேன். பேண்ட்டோடு நின்ற டாக்டரும் கொஞ்ச நேரத்தில் ஊசி கேட்டார். "ஈறு தைக்கிற கைம்மா இது" என்று மூன்று அட்டை தைத்தார். என் தையலைவிட அவருடையது நேராக இருந்தது, சொல்ல வெட்கமாயிருக்கிறது. முதல் அட்டையை மாட்டிவிட்டு அண்ணன் பின்னால் போனார், போனார், போய்க்கொண்டே இருந்தார். "அம்பது அடி! தையல் இன்னும் தெரியுது!" என்று கூவிக்கொண்டே டாக்டரைச் சாய்த்துத் தானும் சாய்ந்தார். சிரித்துச் சிரித்து எனக்கு விலா நோவெடுத்தது.

மறுநாள் காலையில் வாசலில் கூட்டம். "போஸ்டரையே தைச்சது நீங்கதானா?" என்று கேட்டுக்கொண்டு வந்தார்கள். கட்டடக்காரர், "தள்ளுங்கப்பா, நான் ஓனர்" என்றார். "யாரா இருந்தா என்ன, வரிசையில வாங்க" என்றது ஒரு குரல். அவர் சுற்றிமுற்றிப் பார்த்துவிட்டு, அக்குள் கிழிந்த தன் சட்டையைக் கழற்றி நீட்டினார். செல்போன்காரன் வேறு இடம் பார்த்துக்கொண்டான்.

சில வருஷம் கழித்து மகள் ஊரோடு போய் இருக்க அண்ணனும் அண்ணியும் கிளம்பினார்கள். சொல்லிக்கொள்ளக் கடைக்கு வந்தார் அண்ணன், கையில் பெட்டி. நான் மெஷினை விட்டு எழப் போனேன், கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது. அதற்குப் பிறகு அவரைப் பார்க்கவில்லை. அன்று அவர் சொன்னது இதுதான்:

"எழுந்திருக்காதம்மா. வாசல்ல ஆள் நிக்கறாங்க, முதல்ல அவங்களைக் கவனி."