ஒரே பெஞ்சில் இரண்டு கடிகாரங்கள்

செட்ரிக் ஆர்மிடேஜ் தன் ஊர் அணியின் ஆட்டங்களை முப்பது வருடமாகப் பார்த்தவர் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அவர் அங்கே இருந்தார், அவ்வளவுதான். கார்ஷா ரக்பி லீக் அணிக்கு நேரம் பார்ப்பவர் அவர். நடுவரின் கையும் மடியில் கிடக்கும் கடிகாரமும் தவிர வேறெங்கும் கண் போகக் கூடாது. மற்றதெல்லாம், குன்றிலிருந்து இறங்கும் பனிமூட்டத்துக்குள் மங்கலாக ஓடும் நிறங்கள். கூட்டத்தின் இரைச்சல்கூட அவருக்கு எங்கோ தூரத்தில் மழை பெய்வதுபோலத்தான் கேட்கும். மனிதர் அந்தக் கடிகாரத்திலேயே சொக்கிப் போயிருந்தார்.

பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏனென்று கேட்டால், நேரம் கிடைக்கவில்லை என்பார். நேரம் பார்க்கிறவர் சொல்கிற பதிலா இது?

ஆட்டத்துக்கு இரண்டு அணிகளும் ஆளுக்கொரு கடிகாரக்காரரை அனுப்பும். பகையாளி ஊரானாலும் இருவரும் ஒரே பெஞ்சில் தோளுரச உட்கார வேண்டும். தார்ன்பி அணிக்காக வருபவர் மேவிஸ் க்ராப்ட்ரீ. பள்ளிக்கூடச் சமையற்காரி. ஒரு சீசனில் அவர் ஊரில் ஒரு தடவை, இவர் ஊரில் ஒரு தடவை. நடுவர் கையைத் தூக்கினால் மேவிஸ் "நிறுத்துங்க" என்பார், செட்ரிக் "நிறுத்தியாச்சு" என்பார். "ஓட்டுங்க." "ஓடுது." இடைவேளையில் மேவிஸ் பிளாஸ்கின் மூடியில் டீ ஊற்றிக் கொடுப்பார், ஒரு துண்டு இஞ்சிக் கேக்கும் தருவார். இதற்கு மேல் ஒரு பேச்சும் கிடையாது. செட்ரிக்குக்கு மேவிஸ் என்றால் உயிர். அதை அவரிடம் சொல்ல மட்டும் வாய் வரவில்லை.

அந்த வருடம் தார்ன்பிக்கு நேரம் சரியில்லை. பிப்ரவரியில் தோற்க ஆரம்பித்த அணி கோடை முழுக்கத் தோற்றது. கடைசி இடத்தில் நிற்கிற அணி கீழ்ப்பிரிவுக்குப் போய்விடும். கீழே போனால் கார்ஷாவோடு ஆட்டம் இல்லை, பெஞ்சு இல்லை, மேவிஸும் இல்லை. ஞாயிறு மாலைகளில் கிளப் பாரில் ரேடியோ முடிவுகளைச் சொல்லும்போது செட்ரிக்கின் காது தார்ன்பியைத்தான் தேடியது.

"யோவ் செட்ரிக்," என்றான் வாயிற்காப்பாளன் நார்மன். "நம்ம பயலுக ஜெயிச்சா மூஞ்சியத் தூக்கி வச்சுக்கற, தார்ன்பிக்காரன் ஜெயிச்சா பல்லைக் காட்டற. மூளை கீளை குழம்பிப் போச்சா?"

செட்ரிக் பியரில் முகத்தை மறைத்துக்கொண்டார்.

செப்டம்பரில் கடைசி ஆட்டம் கார்ஷாவிலேயே வந்து வாய்த்தது. கார்ஷா தோற்றாலும் ஒன்றும் குடிமுழுகிப் போகாது. தார்ன்பி ஜெயித்தால் தப்பும், இல்லாவிட்டால் கீழே. தூறல் விடவே இல்லை. விளக்குகளைச் சுற்றிப் பனி வளையம் கட்டியிருந்தது. கடைசிக் கட்டத்தில் தார்ன்பி இரண்டே புள்ளி பின்தங்கி, கார்ஷாவின் எல்லைக்கோட்டை முட்டிக்கொண்டிருந்தது. ஒரு தடவை கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைத்தால் போதும்.

செட்ரிக்கின் கடிகாரத்தில் நேரம் முடிந்தது. ஆட்டம் முடிந்ததென்று ஊதும் ஹூட்டரின் பொத்தான்மேல் இருந்த அவர் விரல் அசையவில்லை.

"முடிஞ்சிருச்சு, செட்ரிக்."

"என்னுதுல இன்னும் கொஞ்சம் இருக்கு."

இரண்டு கடிகாரமும் ஒத்துப்போகாவிட்டால் உள்ளூர்க்காரர் சொல்வதுதான் முடிவு என்பது அந்தப் பெஞ்சின் வழக்கம். மேவிஸ் சும்மா இருந்தால் போதும், யாருக்கும் தெரியாது. அவர் செட்ரிக்கின் மடியைப் பார்த்தார், பிறகு முகத்தைப் பார்த்தார். தன் கையை அவர் கைமேல் வைத்து, அந்த விரலோடு சேர்த்தே அழுத்தினார். ஹூட்டர் அலறியது.

ஹூட்டர் ஊதினாலும் பந்து வைத்திருப்பவனைப் பிடித்து நிறுத்தும்வரை ஆட்டம் உயிரோடுதான் இருக்கும். கடிகாரக்காரர்களுக்கு மட்டும் அதில் வேலை இல்லை. இருவரும் தலை நிமிர்ந்து பார்த்தார்கள். பந்தை மார்போடு அணைத்துக்கொண்டு தார்ன்பி பையன் ஒருவன் ஓரமாக ஓடினான். தண்ணீருக்கடியில் ஓடுவதுபோல, அத்தனை மெதுவாக, அத்தனை அழகாக ஓடினான். ஓடிக்கொண்டே இருக்கட்டும் என்று செட்ரிக் மனமார வேண்டிக்கொண்டார். கோட்டுக்கு ஒரு சாண் இருக்கும்போது மூன்று பேர் அவனைச் சேற்றில் சாய்த்தார்கள்.

தார்ன்பி பையன்கள் நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார்கள். மேவிஸ் கைக்குட்டையை எடுத்தார்.

"ஏன் அமுக்குனீங்க?" என்றார் செட்ரிக். "உங்க ஊரு கீழ போயிருச்சே."

"எங்க பயலுக ஓடி ஜெயிக்கட்டும், தலைல வச்சுக் கொண்டாடறேன். திருட்டு நேரத்துல ஜெயிச்சா நாளைக்கு நான் ஊருக்குள்ள எந்த மூஞ்சியோட நடக்கறது?" மேவிஸுக்கு அழுகையும் கோபமும் சேர்ந்தே வந்தன. "ஆமா, உங்க ஊரு ஜெயிச்சு நிக்கறப்ப நீங்க எதுக்கு இந்தத் தில்லுமுல்லு பண்ணீங்க?"

செட்ரிக் நனைந்த காலணிகளைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "அடுத்த வருஷம் நீங்க வரமாட்டீங்களேன்னுதான். உங்களப் பாக்காம என்னால இருக்க முடியாது, மேவிஸ்."

பின்னால் கூட்டம் கலைந்து போய்க்கொண்டிருந்தது.

"அட மனுஷா," என்றார் மேவிஸ், கண்ணைத் துடைத்தபடி. "இத வாயத் தொறந்து சொல்றதுக்கு எங்க அணியே கவுந்து விழணுமா?"