‘கீது’ என்றால் மெஷினுக்குப் புரியுமா?

போன ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு போன். புது நம்பர். எடுத்தவுடனே, “சார், இந்த வாரம் தப்பா எழுதிட்டீங்க” என்றது ஒரு பெண் குரல்.

சுருக்கென்றது. இத்தனை வருடமாக வாரா வாரம் இந்தப் பத்தியை எழுதுகிறேன்... இன்னமும் யாராவது தப்பு என்று சொன்னால் எனக்கு முதலில் வருவது கோபம்தான்!

நான் எழுதியது இதுதான். ஏஐ, ஏஐ என்று ஊரே பேசுகிறது. வேலை போய்விடும், போகாது என்று டிவியில் நாலு பேர் உட்கார்ந்து கத்துகிறார்கள். நானும் என் பங்குக்கு ஒரு கருத்தை எடுத்து விட்டிருந்தேன் — ‘அதெல்லாம் கடல் தாண்டி எங்கோ செய்கிற சமாசாரம். நம்ம ஆள் ஒருத்தர்கூட அதற்குள் கிடையாது. செங்கல்பட்டுத் தமிழில் பேசினால் திருதிருவென்று முழிக்கும்.’

“உள்ள நான் கீறேன் சார்” என்றார் அந்தப் பெண்.

பெயர் மெர்சி. சொந்த ஊர் படாளம். வேலை படூரில், ஒரு கம்பெனியில். அங்கேயே ஹாஸ்டலில் தங்கி, வாரக் கடைசியில் ஊருக்கு வருவாராம். கோபம் ஆறுவதற்குள் கூடுவாஞ்சேரியில் படாளத்துக்குப் பஸ் ஏறிவிட்டேன். நேரில் போய் ஒரு கை பார்க்கலாம் என்றுதான்!

போனால், சேர் போட்டு, டீ கொடுத்து, கதையைச் சொன்னார்.

சில ஆஸ்பத்திரிகளுக்குப் போன் செய்தால் இப்போதெல்லாம் ஆளுக்குப் பதில் ஒரு மெஷின் குரல் எடுக்கிறதே... உடம்புக்கு என்ன, எந்த டாக்டர் வேண்டும் என்று கேட்கிறதே... அதற்குத் தமிழ் சொல்லிக் கொடுப்பதுதான் மெர்சியின் வேலை. ஊர் ஊராகப் போய், நோயாளி மாதிரி ஆட்களைப் பேசச் சொல்லிப் பதிவு செய்திருக்கிறார்கள். அதை ஹெட்போனில் கேட்டு, கேட்டதை அப்படியே டைப் அடிக்க வேண்டும். அதை வைத்துத்தான் மெஷின் கற்றுக்கொள்ளும்.

ஒருநாள் ஒரு பெரியவர் குரல். “நெஞ்ச அடைச்சிகினு கீது. இன்னான்னே தெர்ல. வேர்த்து ஊத்துது.”

டீம் லீடரும் அதைக் கேட்டார். தெற்கத்திக்காரர். “ஒரே கொச்சையா இருக்கு. ‘தெளிவில்லை’ன்னு போட்டுட்டு அடுத்ததுக்குப் போங்க.”

தெளிவில்லை என்று போட்டால் அந்தப் பதிவு குப்பைக்குப் போய்விடும். மெஷின் அதைக் கேட்கவே கேட்காது.

மெர்சி போடவில்லை. காதில் விழுந்ததை விழுந்தபடி அடித்தார். அடுத்த நாள் வந்த பதிவுகளையும்... அதற்கடுத்த நாளும். எல்லாவற்றையும் டீம் லீடர் ‘தப்பு’ என்று குறித்தார். மாதக் கடைசியில் எச்சரிக்கை மெயில் வந்தது — இப்படியே போனால் வேலை இருக்காது.

“பயமா இல்லையா?” என்றேன்.

“இல்லாம? எங்க வூட்ல மாசச் சம்பளம்னு வாங்குன மொத ஆளு நான் சார். அழுதுகினேதான் மேனேஜருக்கு மெயில் அடிச்சேன்.”

என்ன எழுதினாராம்? ஒரே வரி. ‘சார், இப்படிப் பேசுறவங்களுக்கு நெஞ்சு வலி வராதா?’

மேனேஜர் இருவரையும் கூப்பிட்டார். “யாருக்குமே புரியாது சார்” என்று டீம் லீடர் அங்கேயும் விடவில்லை. மெர்சி எழுந்து வாசலுக்குப் போனார். செக்யூரிட்டி காதர் பாயைக் கூட்டி வந்தார். பாய் பக்கத்தில் கோவளத்துக்காரர், நம்ம பேச்சுதான். விஷயம் எதையும் சொல்லாமல் மெர்சி அந்தப் பதிவை ஓடவிட்டார்.

பாய் பதறிவிட்டார். “யாரும்மா இது? ஹார்ட் அட்டாக் மாரி கீது! சீக்கிரம் ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போங்கம்மா... இன்னா எல்லாரும் வேடிக்கை பாத்துகினு கீறீங்க?”

இது வெறும் பதிவு பாய் என்று மேனேஜரே சொல்லி உட்கார வைத்தாராம்.

அந்த வாரமே விதியை மாற்றினார்கள். தள்ளி வைத்த பதிவுகள் திரும்பி வந்தன. நம்ம பக்கத்துப் பேச்சுக்கென்று தனியாக நாலு பேர் — பொறுப்பு மெர்சிக்கு. டீம் லீடர் இப்போது ஏதாவது புரியவில்லை என்றால் இவர் சீட்டுக்கு எழுந்து வருகிறார். “நல்ல மனுசன்தான் சார். நம்ம பேச்ச அவரு கேட்டதே இல்ல, அவ்ளோதான்.”

ஒரு கை பார்க்கப் போனதையே நான் ஏன் மறந்தேன்? சொல்லிவிடுகிறேன். நானும் இந்தப் பக்கத்து ஆள்தான். காலேஜில் முதல் நாள் வாத்தியாரிடம் ‘இன்னா சார்’ என்றேன். வகுப்பே சிரித்தது. அதோடு சரி — வீட்டுக்கு வெளியே அந்த வார்த்தையை நான் எடுத்ததே இல்லை. நான் வெட்கப்பட்டு ஒளித்து வைத்ததை, வேலை போனாலும் பரவாயில்லை என்று ஒரு பெண் கம்ப்யூட்டருக்குள் ஏற்றியிருக்கிறார்!

விஞ்ஞானச் செய்தி என்றாலே நாம் கோட்டு சூட்டைத்தான் தேடுகிறோம். படாளத்துப் பக்கம் திரும்பிப் பார்க்கிறோமா? நான் பார்க்கவில்லை. எழுதியது தப்பு. ஒப்புக்கொள்கிறேன்.

கிளம்பும்போது மெர்சியின் அம்மா எஸ்தர் வந்தார். மதுராந்தகத்தில் ஒரு ஓட்டலில் வேலை. நாள் முழுக்க நின்று நின்று மூட்டு வலி. டாக்டரைப் பார்க்க வேண்டுமாம். அந்த மெஷின் எடுக்கிற ஆஸ்பத்திரி நம்பரைப் போட்டு, ஸ்பீக்கரை வைத்து, “நீயே பேசும்மா” என்று மெர்சி போனை நீட்டினார்.

“முட்டி ரொம்ப நோவுது. குந்தவே முடில” என்றார் எஸ்தர், பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்வது போல.

“மூட்டு வலிக்கு எலும்பு டாக்டரைப் பார்க்கலாம். நாளைக்குக் காலையில் வர முடியுமா?” என்றது போன்.

என்னை அறியாமல் கை தட்டிவிட்டேன்.

எஸ்தர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். “இதுக்கு இன்னாத்துக்கு சார் கை தட்றீங்க? சொல்லிக் குடுத்தது எம் பொண்ணு... புரியாம எங்க போவும்?”